‘எப்போ முடியும்?’ என்பதை விட முக்கியமான கேள்வி: போர்டு வீடுகளும் தாமதக் கணக்கும்

வடசென்னையில் ஒரு கட்டுமான இடத்தின் வாசலில், தகரத் தடுப்பின் மேல் ஒரு பலகை மாட்டியிருந்தது. திட்டத்தின் பெயர், மொத்த வீடுகள், மதிப்பீட்டுத் தொகை, பணி தொடங்கிய நாள் எல்லாம் பெயின்டில் எழுதியிருந்தார்கள். ‘பணி முடிக்க வேண்டிய நாள்’ என்ற வரிக்கு எதிரே மட்டும் பழைய எழுத்தின் மேல் வெள்ளை அடித்து, எதுவும் எழுதாமல் விட்டிருந்தார்கள். வெயிலில் அந்த வெள்ளை உரிந்து போய், அடியில் இருந்த தேதி பாதி தெரிந்தது. அந்தத் தேதி போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அந்த இடத்தில் முன்பு இருந்த பழைய குடியிருப்பில் இரண்டாவது மாடியில் குடியிருந்த ஒரு அக்கா, இப்போது இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருக்கிறார். வீட்டைக் காலி செய்தபோது, புது வீட்டுக்காகக் கொடுத்த டோக்கனை பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். “எப்போ முடியும்னு கேட்டா இன்னும் ஆறு மாசம்னு சொல்றாங்க தம்பி. போன வருஷமும் அதே ஆறு மாசம்தான் சொன்னாங்க” என்றார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் ‘எப்போ முடியும்’ என்பதற்கு வாயால் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், யாரும் அதை எழுதிக்கொள்வதில்லை. தாமதமான நாட்கள் யார் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன என்று கேட்டால் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. அதற்குப் பதில் கோப்பில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது, அதை நாம் எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

கட்டுவது யார்?

சென்னையில் எல்லாவற்றையும் ‘ஹவுசிங் போர்டு’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இரண்டு வாரியங்கள் இருக்கின்றன. 1961 சட்டத்தின்படி வந்தது தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம். இது மனை பிரித்தும் அடுக்குமாடி வீடு கட்டியும் விலைக்கு விற்கிறது. இன்னொன்று 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம். 2021-ல் இதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. குடிசைப் பகுதி மக்களுக்கான வீடுகளைக் கட்டுவது இதுதான்.

இந்த இரண்டாவது வாரியத்தின் வேலையும் இரண்டு விதம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மாதிரி ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டி மக்களைக் கொண்டுபோய் விடுவது ஒன்று. நகரத்துக்குள் இருக்கும் பழைய குடியிருப்பை இடித்து, அதே இடத்தில் உயரமாகக் கட்டித் தருவது இன்னொன்று. இதை மறுகட்டுமானம் என்கிறார்கள். பிழைப்பு, பள்ளிக்கூடம், உறவு எதையும் விட்டுப் போக வேண்டியதில்லை என்பதால், செய்ய வேண்டியது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் தாமதம் வந்தால் மிக மோசமாக அடிபடுவதும் இதில் இருப்பவர்கள்தான். முதலில் இருந்த வீடு போய்விடுகிறது, புது வீடு எப்போதோ வருகிறது.

பணம் மூன்று பக்கத்திலிருந்து வரும். பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2015-ல் வந்தபோது, வாரியம் கட்டும் இந்த மாதிரி வீட்டுக்கு மத்திய அரசின் பங்கு 1.5 லட்சம் ரூபாய். மீதியில் பெரும்பகுதி மாநில அரசு, ஒரு பகுதி பயனாளியின் பங்களிப்பு. மத்திய அரசின் பங்கு ஒரே தடவையில் வருவதில்லை. 40, 40, 20 சதவீதம் என்று மூன்று தவணை. முதல் தவணையைச் செலவு செய்து வேலை நகர்ந்ததைக் காட்டினால்தான் அடுத்தது வரும். அதாவது வேலை நின்றால் பணம் நிற்கும், பணம் நின்றால் வேலை இன்னும் நிற்கும்.

இரண்டு காலண்டர்

ஒரு திட்டத்துக்கு அரசாணை வந்து, நிர்வாக ஒப்புதல் கிடைத்து, டெண்டர் விட்டு, ஒப்பந்தம் போடுவார்கள். ஒப்பந்தத்தில் 18 மாதம் என்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். இந்த 18 மாதம் பொதுவாக சைட்டை ஒப்பந்ததாரரிடம் ஒப்படைத்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.

காலி செய்த குடும்பத்துக்கோ காலண்டர் அதற்கும் முன்பே ஓட ஆரம்பித்துவிட்டது. மக்கள் காலி செய்து, கட்டடத்தை இடித்து, இடிபாடுகளை அள்ளி, மண் பரிசோதனை முடித்து, டெண்டர் இழுத்து, சைட்டைக் கையில் கொடுப்பதற்குள் ஆகும் மாதங்கள் ஒப்பந்தக் காலத்தில் சேராது. காகிதத்தில் ஒரு நாள்கூடத் தாமதம் இல்லாத திட்டத்திலேயே ஒரு குடும்பம் எட்டு மாதம் கூடுதலாக வாடகை கட்டியிருக்கலாம். எந்தப் பதிவேட்டிலும் அந்த எட்டு மாதம் இருக்காது.

அதனால் தாமதத்தைப் பேசும்போது முதலில் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். நாம் காலி செய்த நாள் ஒன்று, சைட் ஒப்படைக்கப்பட்ட நாள் ஒன்று. நடுவில் இருக்கும் காலம் முழுக்க வாரியத்தின் பொறுப்பு. அங்கே பழிபோட ஒப்பந்ததாரரே கிடையாது.

வேலை எங்கே சிக்குகிறது?

சென்னையில் முதலில் வருவது மண். பல இடங்களில் மேலே களிமண், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். ஏழு, எட்டு மாடி என்றால் பைல் ஃபவுண்டேஷன், அதாவது மண்ணுக்குள் ஆழமாகத் தூண்களை இறக்கும் அடித்தளம் போட வேண்டியிருக்கும். மண் பரிசோதனையை டெண்டருக்கு முன்பே ஒழுங்காகச் செய்யாவிட்டால், பாதி பைல் போட்ட பிறகு ‘ஆழம் போதாது, டிசைனை மாற்று’ என்று வரும். டிசைன் மாறினால் மதிப்பீடு மாறும், மதிப்பீடு மாறினால் ஒப்புதல் மறுபடி மேலே போகும். அந்தக் கோப்பு திரும்பி வரும் வரை சைட்டில் வாட்ச்மேன் மட்டும்தான் இருப்பார்.

அப்புறம் மழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இருக்கும் என்பது சென்னையில் குழந்தைக்கும் தெரியும். 18 மாத ஒப்பந்தத்தில் ஒரு பருவமழை கட்டாயம் வரும், சில சமயம் இரண்டு வரும். அதையும் கணக்கில் வைத்துத்தான் காலத்தை நிர்ணயித்திருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி வந்தால் அது வேறு. அதற்குக் கூடுதல் நாள் கொடுப்பதுதான் நியாயம். வழக்கமான மழையைக் காரணமாக எழுதினால், ‘இந்த மழை ஒப்பந்தம் போடும்போதே தெரிந்ததுதானே?’ என்று நாம் கேட்கலாம்.

மூன்றாவது, பில். வெளியே இருப்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை. முடிந்த வேலையைப் பொறியாளர் அளந்து ஒரு புத்தகத்தில் எழுதுவார். அதை எம்-புக் என்பார்கள். அந்த அளவை மேலதிகாரி சரிபார்த்து, அதன்படி பில் பாஸ் ஆகி, பணம் போகும். எம்-புக்கில் ஏறாத வேலை, காகிதத்தைப் பொறுத்தவரை நடக்காத வேலை. பில் இரண்டு மூன்று மாதம் தேங்கினால் ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் திணறுவார், சென்ட்ரிங் ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். போன ஆட்களைத் திரும்பக் கூட்டி வர வாரக்கணக்கில் ஆகும். ‘ஆள் பற்றாக்குறை’ என்று கோப்பில் எழுதியிருந்தால், அதற்கு முந்தைய பில் எப்போது பாஸ் ஆனது என்று பார்க்க வேண்டும். பில் நேரத்துக்கு வந்தும் ஆள் இல்லையென்றால் தப்பு ஒப்பந்ததாரருடையது. பில்லே வரவில்லையென்றால் தப்பு அலுவலகத்துடையது.

கடைசியாக ஒன்று. எனக்கு அதிகம் கோபம் வருவது இதில்தான். கட்டடம் முடிந்து, பெயின்ட் அடித்து, வாசலில் கேட் போட்டாகிவிட்டது. ஆனால் பூட்டிக் கிடக்கிறது. மெட்ரோ வாட்டர் இணைப்பு வரவில்லை, கழிவுநீர்க் குழாய் தெருவில் இருக்கும் மெயினோடு சேரவில்லை, மின்வாரியம் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கவில்லை, லிஃப்டுக்கு உரிமம் வரவில்லை, நிறைவுச் சான்று வரவில்லை. இவற்றில் பெரும்பாலானவை ஒப்பந்ததாரர் கையில் இல்லை. ஒவ்வொரு துறைக்கும் வாரியம் நேரத்தோடு விண்ணப்பித்து டெபாசிட் கட்டியிருக்க வேண்டும். ரூஃப் போடும்போதே செய்திருந்தால் போதும், ஒரு நாள் தாமதம்கூட வந்திருக்காது. கட்டி முடித்த வீட்டுக்கு எதிரே ஒரு குடும்பம் வாடகை கொடுத்துக்கொண்டிருப்பதைப் போலத் தவிர்க்கக்கூடிய கஷ்டம் வேறு இல்லை.

நாட்களைப் பங்கு போடுவது எப்படி?

இனி கணக்கு. தாமதமான நாட்கள் மூன்று பங்காகப் பிரியும்: ஒப்பந்ததாரரால் ஆனது, வாரியத்தால் ஆனது, யார் கையிலும் இல்லாதது. இதைப் பிரிக்க சைட்டில் ஒரு பதிவேடு வைக்கும் வழக்கம் அரசுக் கட்டுமானங்களில் உண்டு. அதை இடையூறுப் பதிவேடு என்று சொல்லலாம். எந்தத் தேதியில் வேலை நின்றது, எதனால் நின்றது, எந்தத் தேதியில் திரும்ப ஆரம்பித்தது என்று அன்றன்றைக்கே எழுதி, ஒப்பந்ததாரரும் பொறியாளரும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 18 மாதத்தில் முடிய வேண்டிய வேலை 30 மாதம் ஆனது. தாமதம் 12 மாதம். பதிவேடு ஒழுங்காக இருந்தால் இப்படித் தெரியலாம்: சைட்டுக்குள் போன பழைய மின்கம்பியை மாற்றித் தராததால் 3 மாதம், பில் தேங்கியதால் 2 மாதம், புயலால் 1 மாதம், ஒப்பந்ததாரர் ஆள் வைக்காததால் 6 மாதம். ஆக வாரியத்தின் கணக்கில் 5, இயற்கையின் கணக்கில் 1, ஒப்பந்ததாரர் கணக்கில் 6.

பதிவேடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? கடைசியில் ஒரே ஒரு கடிதம் வரும். மழை, மணல் தட்டுப்பாடு, ஆள் பற்றாக்குறை என்று மூன்று வார்த்தை இருக்கும். மொத்தம் 12 மாதத்துக்கும் சேர்த்து கால நீட்டிப்பு கொடுத்து கோப்பை மூடிவிடுவார்கள்.

கால நீட்டிப்பை அலுவலகத்தில் ஈ.ஓ.டி. என்பார்கள். நீட்டிப்பு கொடுப்பதே தப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நியாயமான காரணம் இருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நாம் பார்க்க வேண்டியது அந்த ஆணையில் இருக்கும் ஒரே ஒரு சொல்லை: அபராதத்துடனா, அபராதமின்றியா? அபராதமின்றி என்றால் அந்த நாட்களுக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பில்லை என்று அலுவலகம் ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். சரி, அப்படியானால் பொறுப்பு யாருடையது? அந்த ஆணையில் கையெழுத்துப் போட்டவர்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அபராதம் பிடித்தாலும் அது யாருக்குப் போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒப்பந்தம் வாரியத்துக்கும் ஒப்பந்ததாரருக்கும் நடுவில் போட்டது. குடும்பம் அதில் ஒரு தரப்பே இல்லை. பிடித்த தொகை வாரியத்துக்குத்தான் போகும். வாடகை கட்டி நொந்துபோனவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட வராது.

அவர்களுடைய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மறுகட்டுமானத்துக்காகக் காலி செய்யும் குடும்பத்துக்கு வாரியம் முன்பு 8,000 ரூபாய் கருணைத்தொகை கொடுத்தது, பிறகு அது 24,000 ஆனது. மாத வாடகை 7,000 என்று வைத்துக்கொண்டால் 24,000 ரூபாய் நாலு மாதத்துக்குக்கூட வராது. சொன்னபடி 18 மாதத்தில் முடிந்தாலும் வாடகை 1,26,000. ஒரு வருடம் தாமதமானால் மேலே 84,000. இதில் அட்வான்ஸ், வண்டிக் கூலி, பிள்ளையின் பள்ளிக்கு ஆட்டோ எதையும் நான் சேர்க்கவில்லை. கடைசியில் சாவி வாங்கும்போது பயனாளி பங்களிப்பும் கட்ட வேண்டும். அதற்காகச் சேர்த்த காசுதான் வாடகையில் போயிருக்கும்.

மும்பையில் தனியார் பில்டர் மூலம் நடக்கும் குடிசை மறுவாழ்வுத் திட்டங்களில், புது வீடு வரும் வரை பில்டர் மாற்று இடமோ வாடகையோ தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அங்கேயும் வாடகை பாக்கி பெரிய தகராறுதான். ஆனாலும் தாமதத்துக்கு மாதா மாதம் ஒரு விலை இருக்கிறது. இங்கே கருணைத்தொகை ஒரே தடவைதான். கெடு முடிந்த மறு மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் வாடகையை வாரியமே கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தால், டிரான்ஸ்ஃபார்மருக்கு டெபாசிட் கட்டும் கோப்பு தானாக வேகம் பிடிக்கும் என்பது என் எண்ணம்.

சீக்கிரம் முடி என்று மட்டும் கேட்டால் போதாது

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். அது தனியார் கட்டடம். ஆனால் அடித்தளத்தில் விடும் குறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த ஊர் அன்றைக்குப் பார்த்தது.

2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில், குடியேறிய கொஞ்ச நாளிலேயே சுவர்ப்பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்தது. வீடியோக்கள் எல்லார் போனிலும் வந்தன. வாரியத்தின் பொறியாளர்கள் இருவர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களை வைத்து ஆய்வு நடந்தது. அதே வருடம் டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட பழைய பிளாக் அப்படியே சரிந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. அவர்களைக் காப்பாற்றியது அவர்களுடைய கண்தான், எந்த ஆய்வு அறிக்கையும் இல்லை.

அதனால் தாமதத்தைக் கேட்கும்போதே தரத்தையும் கேட்க வேண்டும். கான்கிரீட் கட்டிகளை நசுக்கிப் பார்த்த சோதனை முடிவு, பூச்சு வேலையின் எம்-புக் பக்கம், கட்டி முடித்த பிறகு குறைகளை ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய காலம் எத்தனை வருடம் என்பது, எல்லாமே கேட்டு வாங்கக்கூடியவைதான்.

எப்படிக் கேட்பது?

விலைக்கு வாங்கிய வீட்டுவசதி வாரியத்து ஃபிளாட் என்றால் ரெரா சட்டம், அதாவது 2016 ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கிறது. விற்பதற்காகக் கட்டும் அரசு அமைப்பும் அதன்படி ‘புரமோட்டர்’தான். ஒப்பந்தத்தில் சொன்ன தேதியில் தராவிட்டால் பிரிவு 18-ன் கீழ் தாமத மாதங்களுக்கு வட்டி கேட்கலாம், வேண்டாமென்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மறுகட்டுமானத்தில் டோக்கனோடு காத்திருப்பவருக்கு இவ்வளவு நேரான வழி இல்லை. அவர் கையில் இருப்பது 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

விண்ணப்பம் வெள்ளைத்தாளில் தமிழில் எழுதலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டும். வரவில்லையென்றாலோ சரியாக இல்லையென்றாலோ 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு மாநிலத் தகவல் ஆணையம்.

இதில் எல்லாரும் செய்யும் தவறு ‘ஏன் தாமதம்?’ என்று எழுதுவது. இந்தச் சட்டம் விளக்கம் தருவதற்கான சட்டம் இல்லை, இருக்கும் ஆவணத்தைத் தருவதற்கான சட்டம். ‘விளக்கம் கேட்கப்பட்டுள்ளது, தர இயலாது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேட்க வேண்டும்.

அந்த அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் எழுதியது இதுதான். ஒப்பந்தத்தின் நகல். சைட் ஒப்படைத்த கடிதத்தின் நகல். இதுவரை கொடுத்த எல்லா கால நீட்டிப்பு ஆணைகளின் நகல். இடையூறுப் பதிவேட்டின் நகல். ஒவ்வொரு பில்லும் சமர்ப்பித்த தேதி, பணம் போன தேதி கொண்ட பட்டியல். எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது அக்கா ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். “தண்ணி கனெக்‌ஷனுக்கும் கரண்டுக்கும் பணம் கட்டியாச்சான்னு அந்த ரசீதையும் கேளு தம்பி.” எனக்கு அது தோன்றவே இல்லை. ஆறாவதாக எழுதினோம்.

பதில் 34-வது நாள் வந்தது. ஒப்பந்தம் வந்தது, சைட் ஒப்படைப்புக் கடிதம் வந்தது, பில் பட்டியல் வந்தது. கால நீட்டிப்பு ஆணைகள் இரண்டு, இரண்டிலும் ‘அபராதமின்றி’. இடையூறுப் பதிவேடு பற்றி, ‘இந்த அலுவலகத்தில் அத்தகைய பதிவேடு பராமரிக்கப்படவில்லை’. ஆறாவது கேள்விக்கு, மின் இணைப்புக்கான டெபாசிட் ‘பரிசீலனையில் உள்ளது’.

நீட்டிப்பு, பதிவேடு, டெபாசிட் பற்றிய அந்தப் பக்கங்களை அக்கா நகல் எடுத்துக்கொண்டார். பதிவேடே இல்லாமல் இரண்டு தடவை அபராதமின்றி நீட்டிப்பு கொடுத்தது எந்த அடிப்படையில் என்று, அந்த ஆணைகளுக்கான பரிந்துரைக் குறிப்பின் நகலைக் கேட்டு அடுத்த விண்ணப்பம் போட்டிருக்கிறோம். டெபாசிட் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு, அதே பழைய டோக்கன் கவருக்குள் வைத்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அவர் போனார். கூட அதே பிளாக்கில் இருந்த பதினோரு பெண்கள் போயிருக்கிறார்கள்.